முகத்துக்கு ஒரு வெளிச்சம், ஊருக்கு ஒரு வெளிச்சம்

பட்டப்பகலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால் நம் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே மணமக்களை வெளியில் அழைத்துப்போய்ப் படமெடுக்கும் வழக்கம் பரவிய பிறகு, மாமல்லபுரத்திலும் புதுச்சேரியின் மஞ்சள் சுவர்த் தெருக்களிலும் அந்த ஆளைச் சாதாரணமாகக் காணலாம். கையில் நீண்ட கம்பி, கம்பியின் நுனியில் வெள்ளைத் துணி போர்த்திய சாஃப்ட்பாக்ஸ், அதற்குள் ஒரு பிளாஷ். தலைக்கு மேல் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் வெயில் கொட்டிக்கொண்டிருக்கும்போது அவர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தை மணமகளின் முகத்தில் ஊற்றுகிறார். இதை ஜிகினா வேலை என்று ஒதுக்கிவிடும் பழக்கம் தீவிரமான ஒளிப்படம் பற்றிப் பேசுகிறவர்களிடம் உண்டு. இயற்கை வெளிச்சத்தில் எடுத்தது கலை, விளக்குப் போட்டு எடுத்தது வியாபாரம் என்ற பாகுபாடு, யாரும் எழுதிவைக்காமலே சிறுபத்திரிகை அட்டைப்படம் வரைக்கும் செல்லுபடியாகிறது. அது தப்பான இடத்தில் கோடு கிழிக்கிறது என்பதே என் கட்சி. திறந்தவெளியில் எடுக்கும் உருவப்படத்தில் வெளிச்சத்தைக் கூட்டுவது விளக்குக்கு இரண்டாம்பட்ச வேலை. முதல் வேலை, ஆள்மீது விழும் வெளிச்சத்தையும் அவர் நிற்கும் இடத்தின்மீது விழும் வெளிச்சத்தையும் பிரித்துவிடுவது. பிரித்தாயிற்று என்றால், இரண்டையும் எந்த விகிதத்தில் மறுபடி சேர்ப்பது என்ற முடிவை எடுத்தே ஆகவேண்டும். ஒரு படத்தைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி அந்த விகிதத்தைப் பற்றியது.

பிரிப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் கணக்காகவே பார்த்துவிடலாம். ஃபிலிம் காலத்திலிருந்து கைமாறி வரும் வாய்ப்பாடு ஒன்று உண்டு: மேகமில்லாத வெயிலில் அபர்ச்சர் எஃப் 16 என்றால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி. இந்தக் கணக்கில் எடுத்த படத்தில் ஆளும் கடலும் வானமும் ஒரே ராஜாவின் குடிகள். ஒருவரைத் தனியாகத் தூக்கவோ தாழ்த்தவோ வழியில்லை. பிளாஷ் நுழைந்ததும் இந்த ஒற்றுமை குலைகிறது. அது எரிவது சுமார் 1/1000 நொடிதான். ஷட்டர் அதற்குமேல் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் பிளாஷ் கொடுத்தது கொடுத்ததுதான். வெயிலின் பங்குதான் நேரத்தோடு கூடும், குறையும். அபர்ச்சர் இரண்டையும் சேர்த்தே நெரிக்கும். ஆகவே ஷட்டர் ஊருக்கு, பிளாஷின் சக்தி முகத்துக்கு என்று இரண்டு குழாய்கள் தனித்தனியாகத் திருகக் கிடைக்கின்றன. 1/100-ஐ 1/200 ஆக்கினால் கடலும் வானமும் பாதியாக இருளும், பிளாஷ் முகத்தில் போட்ட வெளிச்சம் அப்படியே நிற்கும். இதற்கு ஒரு வரம்பும் உண்டு. பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் என்பது அடுத்தடுத்து ஓடும் இரண்டு திரைகள்; 1/200 அல்லது 1/250-ஐத் தாண்டினால் இரண்டும் முழுசாக விலகி நிற்கும் கணமே இருக்காது, படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும். லென்ஸுக்குள்ளேயே இதழ் ஷட்டர் வைத்து 1957-இல் வந்த ஹாசல்பிளாட் 500சி கேமரா 1/500 வரை பிளாஷோடு ஒத்துப்போனது. நண்பகல் வானத்தை அடக்க நினைத்தவர்களுக்கு அந்த ஒரு படி பெரிய வரம்.

தூரமும் பிரிக்கிறது. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தேயும் என்பது பள்ளிக்கூடப் பாடம். முகத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் இருக்கும் பிளாஷ், 3 மீட்டரில் இருக்கும் சுவருக்கு நாலில் ஒரு பங்கைத்தான் கொண்டுபோகும்; 15 மீட்டர் தள்ளி நிற்கும் படகுக்கு நூறில் ஒரு பங்கு. சூரியனோ 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆள் நாலடி முன்னே வந்தாலும் பின்னே போனாலும் அதற்கு எல்லாம் ஒன்றுதான். வெயிலுக்குத் தூரபேதம் கிடையாது, விளக்குக்கு அதுவே பிழைப்பு. பக்கத்தில் இருப்பவரைக் கவனித்து, தள்ளி நிற்பதை மறப்பது அதன் சுபாவம்.

லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டர் இதற்கு நேர் எதிரான சுபாவம் கொண்டது. நடுப்பகலில் எஃப் 2.8-இல் எடுத்துப் பின்னணியைக் குழைக்க ஆசைப்படுகிறவர் என்டி ஃபில்டரைத் தேடுவார். வெறும் கறுப்புக் கண்ணாடி அது. நாலு ஸ்டாப் ஃபில்டர் என்றால் வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும். அதை மாட்டினால் வானம் இருளும், முகம் துலங்கும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி நடக்காது. ஃபில்டர் வெயிலையும் பிளாஷையும் ஒரே கத்தியால் வெட்டுகிறது. விகிதத்தில் இம்மியும் மாற்றமில்லை. எஃப் 11-இல் பிளாஷ் எவ்வளவு சக்தி தர வேண்டியிருந்ததோ அதே சக்தியை இப்போதும் தந்தாக வேண்டும். மாறுவது குழைவு மட்டும். ஆரஞ்சு நிறத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். லென்ஸின்மீது வைத்தால் உலகம் முழுக்க ஆரஞ்சாகும். அதையே பிளாஷின் வாயில் ஒட்டி, கேமராவை டங்ஸ்டன் விளக்குக்கான 3200 கெல்வினில் வைத்தால், முகம் இயல்பாக இருக்க, ஊர் முழுக்க நீலத்தில் மூழ்கிவிடும். தாள் ஒன்றுதான். வைத்த இடத்தைப் பொறுத்து அது எல்லாருக்குமான சட்டமாகிறது, அல்லது ஒருவருக்கு மட்டுமான சலுகையாகிறது.

இனி முதல் ஆட்சேபம். உள்ளது உள்ளபடி எடுக்க வேண்டும், விளக்கு போட்டால் அது ஜோடனை, ஆளை அவர் இடத்திலிருந்து பிய்த்துவிடும் என்பார்கள். இதைச் சோதிக்க இரண்டு பேரின் படங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அமெரிக்க ஒளிப்படக்காரர் ரிச்சர்ட் அவெடன் 1979-இலிருந்து 1984 வரை கோடைதோறும் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சுற்றி, சுரங்கத் தொழிலாளர்கள், எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்ப்பவர்கள், நாடோடிகள், உணவகப் பணிப்பெண்கள் என்று 700-க்கும் மேற்பட்டவர்களைப் படமெடுத்தார். டெக்சஸின் அமோன் கார்ட்டர் அருங்காட்சியகம் ஏற்பாடு செய்த வேலை. 1985-இல் புத்தகமாகவும் கண்காட்சியாகவும் வந்தது. எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமரா. விளக்கே கிடையாது. சுவர் நிழலிலோ வண்டி நிழலிலோ வெள்ளைத் தாளைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் ஆளை நிறுத்தி, வானத்திலிருந்து வரும் நிழல்வெளிச்சத்தில் எடுத்தார். இயற்கை வெளிச்சத்தின் பத்தினித்தனத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படங்களில் மேற்கு எங்கே? மண் இல்லை, மலை இல்லை, அடிவானம் இல்லை. எண்ணெய்க் கறையும் கிழிந்த கோட்டும் மட்டும் மிச்சம். ஆளை இடத்திலிருந்து முழுக்கப் பெயர்த்தெடுக்க அவருக்கு ஒரு வாட் மின்சாரம்கூடத் தேவைப்படவில்லை. தாள் போதுமானதாக இருந்தது.

இன்னொருவர் நெதர்லாந்தின் ரினெகே டெய்க்ஸ்ட்ரா. 1992-இலிருந்து அமெரிக்கா, போலந்து, பெல்ஜியம், உக்ரைன் கடற்கரைகளில் நீச்சலுடை அணிந்த பதின்வயதுப் பிள்ளைகளை நிறுத்தி எடுத்தார். நாலுக்கு ஐந்து அங்குலக் கேமரா, முக்காலி, பகல் வெளிச்சம், அதோடு ஒரு பிளாஷ். படங்களுக்குத் தலைப்பு என்று தனியாக எதுவும் வைக்கவில்லை. ஊர், நாடு, தேதி, அவ்வளவுதான். 1992 ஜூலை 26 என்ற தேதியிட்ட, போலந்தின் கொவோப்ஜெக் கடற்கரைப் படத்தில் பச்சை நீச்சலுடையில் ஒரு பெண். இடுப்பைக் கொஞ்சம் ஒடித்து நிற்கும் நிற்பில் போத்திசெல்லியின் வீனஸைப் பலரும் கண்டிருக்கிறார்கள். கேமரா தாழ்வாக இருப்பதால் அடிவானம் கீழே இறங்கியிருக்கிறது. ஈர மணல், கடல், வானம் என்று மூன்று கிடைப்பட்டைகள், அவற்றின்மேல் நெடுக ஓர் உடம்பு. பிளாஷ் அந்த உடம்பைத் தூக்கித் தருகிறது. தோலின் புள்ளிகள், குளிரில் சிவந்த முழங்கால், துணியின் ஈரம் எல்லாம் துல்லியம். ஆனாலும் கடல் கடலாகவே இருக்கிறது. அலையின் சாம்பல் நிறமும் அன்றைய மேகமூட்டமும் கெடவில்லை. ஊருக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்ற பங்கீட்டில் அவர் காட்டிய நிதானத்தால்தான் அந்தப் பிள்ளை கடலுக்கு முன்னால் தனியாகவும், அதே சமயம் அந்தக் கடற்கரைக்காரியாகவும் தெரிகிறாள். விளக்கில்லாத அவெடன் இடத்தை அழித்தார், விளக்கு வைத்த டெய்க்ஸ்ட்ரா இடத்தைக் காப்பாற்றினார். இருவரும் பெரிய கலைஞர்கள். யாரையும் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. விளக்கின் இருப்பை வைத்து நேர்மையை அளக்க முடியாது என்பதற்கு இந்த ஜோடி போதும்.

விளக்கு எப்போதும் இப்படிச் சாதுவாக நடந்துகொள்ளும் என்று நான் வாதாடவில்லை. அதே பிரிக்கும் குணத்தை இறுதிவரை இழுத்துப்போனவர் ஃபிலிப் லோர்கா டிகோர்சியா. 1999-க்கும் 2001-க்கும் இடையில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் சாரங்களில் பிளாஷைக் கட்டிவைத்து, தூரத்திலிருந்து நீண்ட லென்ஸில், நடந்துபோகிறவர்களை அவர்கள் அறியாமல் எடுத்தார். ஜனத்திரள் இருட்டுக்குள் கரைந்துபோக, அதிலிருந்து ஒரே ஒரு முகம் கோயில் கருவறை விக்கிரகம்போல் எழும்பி நிற்கும். அப்படிப் பிடிபட்ட ஒருவர் தன் அனுமதியின்றி எடுத்ததற்காக வழக்குத் தொடுத்தார். 2006-இல் நியூயார்க் நீதிமன்றம் அது கலைவெளிப்பாடு என்று கலைஞர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டம் எப்படியோ, அந்தப் படங்களில் இருக்கும் வன்முறையின் ஊற்றைத் தேடினால் அது பிளாஷ் வெயிலைவிடக் கூடுதலாக எரிந்த அந்த விகிதத்தில் போய் நிற்கும். கூட்டத்தில் ஒருவராக இருக்கும் உரிமையை அது பறித்துக்கொண்டது. மார்ட்டின் பார் 1986-இல் வெளியிட்ட, லிவர்பூல் அருகே நியூ பிரைட்டன் கடற்கரைப் படங்களிலும் பகல் பிளாஷ்தான். அங்கே அது ஐஸ்கிரீம் வழியும் குழந்தையையும் குப்பையையும் ஒரே கூர்மையில் காட்டியதால், உழைக்கும் வர்க்கத்தை ஏளனம் செய்கிறார் என்று பழி வந்தது. மூன்று பேர் கையிலும் இருந்தது ஏறக்குறைய ஒரே கருவி.

‘இயற்கை வெளிச்சம்’ என்ற சொல்லும் பார்க்கிற அளவுக்குச் சுத்தமானது அல்ல. தமிழ் சினிமாவின் அவுட்டோர் படப்பிடிப்புகளில் வெள்ளித் தாள் ஒட்டிய பலகைகளும் பிறகு தெர்மாகோல் அட்டைகளும் வெயிலை வாங்கி நடிகர் முகத்தில் எறிந்துகொண்டே இருந்திருக்கின்றன. அதில் வருவது சூரிய ஒளிதான், ஆனால் சூரியன் அனுப்பாத திசையிலிருந்து வருகிறது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது? 1956-இல் வந்த ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் கட்டியபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்குகளை அதில் மோதவிட்டு, முற்றத்து வானவெளிச்சத்தைப் போலி செய்தார். இந்திய சினிமாவில் இயல்பான வெளிச்சம் என்று போற்றப்படுவதன் தொடக்கம் ஒரு போலி வானத்தில் இருக்கிறது.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று எதிர்த்திசையிலிருந்து வரும். தத்துவமெல்லாம் இருக்கட்டும், எங்கள் ஊர் வெயிலில் பிளாஷ் இல்லாமல் முகம் எடுக்கவே முடியாது, இது அவசியமே தவிரத் தேர்வல்ல என்று தொழில்காரர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. ஒளிப்படப் பாடநூல்களும் அவற்றை ஒப்பிக்கும் காணொளிகளும் சாயங்காலப் பொன்வெயிலுக்குக் காத்திருக்கச் சொல்கின்றன. அந்த அறிவுரை எழுதப்பட்ட அட்சரேகை வேறு. சம இரவுபகல் நாளில், அடிவானத்துக்கு மேல் 6 பாகையில் இருக்கும் சூரியன் லண்டனில் மறைய ஏறக்குறைய 40 நிமிடம் எடுக்கும்; ஜூன் மாதத்தில் அது 50 நிமிடத்தை எட்டும். சென்னையில் 25 நிமிடம்தான். நம் சூரியன் சாய்ந்து சறுக்குவதில்லை, செங்குத்தாக விழுகிறது. நண்பகலில் அது வேறு விதத்தில் படுத்தும். 13 பாகை வடக்கில் இருக்கும் சென்னைக்கு ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியை ஒட்டியும் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். புருவத்துக்குக் கீழே இரண்டு கறுப்புக் குழி, மூக்கின் நிழல் உதட்டின்மேல் மீசை, தலையுச்சியும் தோளும் வெளிறிப்போகும். மனிதக் கண் மூளையின் தயவில் அந்தக் குழிக்குள்ளும் பார்த்துவிடுகிறது, சென்சார் பார்ப்பதில்லை. ஆகவே எதிரே நிற்பவரை நாம் பார்த்த மாதிரி காட்டுவதற்கே கொஞ்சம் நிரப்பு வெளிச்சம் வேண்டியிருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் குழியை நிரப்ப, வெயிலைவிட ஒரு ஸ்டாப்போ இரண்டோ குறைவாக எரியும் பிளாஷ் போதும். வானத்தை இரண்டு ஸ்டாப் கீழே தள்ளி முகத்தை மேலே தூக்குவது அவசியத்தின் கணக்கில் வராது. அவசியம் வாசல் வரைதான் கூட்டிவரும். உள்ளே எத்தனை அடி போவது என்பது தேர்வு. பக்கத்தில் ஒரு வேப்பமரமோ திண்ணையோ இருந்தால் அவசியமும் பாதியாகக் குறைந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் பாட்டிமார்கள் எல்லாரும் திண்ணை ஓரத்தில்தான் அழகாக இருந்தார்கள்.

அந்தத் தேர்வு நம் ஊரில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் தோலின் நிறத்தில் போய் முட்டும். கறுத்த தோலுக்கு நிறைய வெளிச்சம் கொடு என்பது தொழிலில் எழுதப்படாத விதி. இதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1851-இல் வந்த கொலோடியன் ஈரத்தகடு நீலத்தையும் அதற்கு அப்பாலுள்ள ஊதாவையும்தான் உணரும். பழுப்புத் தோல் நீலத்தைப் பெருமளவு விழுங்கிவிடுவதால், அந்தத் தகட்டில் அது கண்ணுக்குத் தெரிவதைவிடக் கறுப்பாகவே பதியும். 1868 முதல் 1875 வரை ஆங்கில அரசு 8 தொகுதிகளாக வெளியிட்ட ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’வின் முகங்களைப் பார்க்கும்போது, இனம் பிரித்த அதிகாரியின் கண்ணோடு இந்த ரசாயனத்தின் கண்ணும் சேர்ந்து பார்த்திருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1873-இல் ஹெர்மன் ஃபோகல் சாயமேற்றிப் பச்சையையும் உணரவைத்தார். 1906-இல் இங்கிலாந்தின் குராய்டனில் ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனம் சிவப்பையும் உணரும் பான்குரோமேட்டிக் தகட்டை விற்கத் தொடங்கியது. அதே நிறுவனத்தின் ஃபில்டர் எண்கள்தாம், 1912-இல் கோடாக் வாங்கிய பிறகும், கறுப்பு வெள்ளைக்காரர்களின் மந்திரங்களாக இருந்தன. வெளிப்புற உருவப்படத்துக்கு மஞ்சள்பச்சை 11. வானத்தைக் கறுப்பாக்கச் சிவப்பு 25. சிவப்பை மாட்டினால் வானம் மட்டும் கறுக்காது, பழுப்புத் தோலும் வெளுக்கும், உதடு காணாமல் போகும். லென்ஸ் ஃபில்டர் தூரபேதம் பார்க்காது என்று மேலே சொன்னேன். நிறபேதம் அது தாராளமாகப் பார்க்கும்.

தோல் வெளிச்சத்தை இரண்டு விதமாகத் திருப்பித் தருகிறது. ஒரு பங்கு மேற்பரப்பிலேயே பளபளப்பாக எகிறிவிடும். நேராக விழும் ஒளியில் இது சுமார் 4 விழுக்காடு, எந்த நிறத் தோலானாலும் ஏறக்குறைய அதே அளவு. மீதி உள்ளே போய், மெலனினிடம் வரி கட்டிவிட்டு, நிறம் ஏறி வெளியே வரும். வெளிர்த் தோலில் இந்த இரண்டாவது பங்கு பெரிது. கறுத்த தோலில் சிறிது. ஆகவே கறுத்த முகத்தின் கன்னமும் நெற்றியும் எப்படி வளைகின்றன என்பதைப் பளபளப்புதான் பெரும்பாலும் சொல்கிறது. இதிலிருந்து வரும் முடிவு தொழில் விதிக்கு நேர்மாறானது. கறுத்த தோலுக்கு வேண்டியது அகலமான வெளிச்சம்: பெரிய சாஃப்ட்பாக்ஸ், வெள்ளைச் சுவர், திறந்த வானம். அதன் பிரதிபலிப்பு முகத்தின்மீது நீளமாகப் படர்ந்து, சிற்பத்துக்கு எண்ணெய்க்காப்பு இட்டதுபோல் வடிவத்தைக் காட்டும். சிறிய பிளாஷின் சக்தியை எவ்வளவு கூட்டினாலும் மூக்கு நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டும் சாம்பல் பூத்த கன்னமும்தான் கிடைக்கும். இலைப் பசுமையையும் வானத்தின் நீலத்தையும் ஆழமாக்க மாட்டும் போலரைசர் இங்கே தெரியாமல் ஒரு கெடுதல் செய்கிறது. பளபளப்பைத் தின்பதே அதன் வேலை. வேர்வை மினுக்கு போகிறது என்று மகிழ்ந்து திருகிக்கொண்டே போனால், கறுத்த முகம் தட்டையாகிவிடும். பிறகு அது இருட்டாக இருக்கிறது என்று பிளாஷைக் கூட்டுவார்கள். வடிவத்தைத் தொலைத்துவிட்டு வெளுப்பை வாங்கும் வியாபாரம்.

கல்யாண ஆல்பத்தில் இந்த எல்லாச் சாய்வுகளும் ஒரே பக்கமாகச் சேர்கின்றன. வானம் அடர்நீலம், முகம் வெளுப்பு, இரண்டுக்கும் நடுவில் எஃப் 1.4-இன் குழைவு. கடலைப் பார்க்க ஐம்பது கிலோமீட்டர் வண்டியோட்டிப் போன ஜோடிக்குக் கடல் ஒரு நீலப் பட்டையாகக் கிடைக்கிறது. பழைய ஸ்டூடியோக்களில் ஏரியும் மாளிகைப் படிக்கட்டும் தீட்டிய படுதா தொங்கும். அது படுதா என்பது எடுப்பவருக்கும் எடுத்துக்கொள்பவருக்கும் தெரியும், அதில் ஒரு விளையாட்டு இருந்தது. மாலியின் பமாக்கோவில் 1948-இல் ஸ்டூடியோ திறந்த செய்து கெய்ட்டா, தன் முற்றத்தில் பகல் வெளிச்சத்தில், படுக்கை விரிப்பையே பின்னணியாக மாட்டி எடுத்தார். அந்த விரிப்பின் பூவேலையும் பெண்களின் உடைப் பூவேலையும் மோதி எழும் களிப்பு இன்றும் தீரவில்லை. படுதா ஆளோடு பேசியது. இப்போது நிஜக் கடலையே படுதாவாக்கிவிட்டு, அதைப் பேசவும் விடுவதில்லை. கல்யாணப் படம் செய்தி ஆவணமா, ஆசைப்பட்டவர்கள் ஆசைப்பட்டபடி இருந்துவிட்டுப் போகட்டும் என்பீர்கள். இருக்கட்டும். மணமக்களை ராஜா ராணியாகக் காட்டுவது கேமராவுக்கு முந்தைய வழக்கம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஒரே விகிதத்தை எல்லா ஜோடிக்கும் எல்லா ஊருக்கும் பிரிசெட்டாக ஊற்றுவதில்தான் சண்டை. காரைக்குடி வீட்டு முற்றத்துக்கும் கொடைக்கானல் மூடுபனிக்கும் ஒரே வானநீலம் எப்படிப் பொருந்தும்? ராணிக்குக்கூட ஒரு நாடு வேண்டாமா?

இதெல்லாம் பழங்கதை, இனி ஃபோனே பார்த்துக்கொள்ளும் என்ற பதிலும் தயாராக இருக்கிறது. 2017-இல் ஐஃபோன் 8 பிளஸிலும் ஐஃபோன் எக்ஸிலும் வந்த போர்ட்ரெயிட் லைட்டிங் வசதி, ஆழத்தைக் கணக்கிட்டு, ஆள் எது பின்னணி எது என்று அறிந்து, விளக்கில்லாமலே முகத்துக்கு வெளிச்சம் போட்டது. ஆனால் அது செய்வதும் தூரத்தை வைத்துப் பிரிப்பதுதான். பிளாஷ் பௌதிகத்தால் செய்ததை அது கணக்கால் செய்கிறது. பங்கீட்டை யார் முடிவுசெய்வது என்ற கேள்வி மட்டும் இடம் மாறியிருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவரிடம் ‘இன்னும் ஒரு அடி தள்ளுங்கண்ணே’ என்றாவது சொல்ல முடிந்தது.

படத்துக்குள் ஒரே ஒரு இடம் இந்தப் பிரிவினைக்கு ஆட்படுவதில்லை. விழிப்படலம் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு குவியாடி. எதிரே எந்தத் தூரத்தில் எது இருந்தாலும், அதன் பிம்பம் அந்த ஆடிக்குப் பின்னால் 4 மில்லிமீட்டருக்குள் வந்து அடங்கிவிடும். ஆகவே கண் கூர்மையாக விழுந்திருந்தால் அதில் தெரிவது எல்லாமே கூர்மைதான், எஃப் 1.4 அங்கே செல்லாது. ஆல்பத்தின் கோப்பைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் மணமகளின் கண்ணில் சாஃப்ட்பாக்ஸின் எண்கோணம், பக்கத்தில் வானத்தின் வெளிறிய வில், நடுவே கேமராவோடு குனிந்த ஒருவர், கம்பி பிடித்த இன்னொருவர், அவர்களுக்குப் பின்னால் தார்ச்சாலை, நிறுத்திய வண்டி, சில சமயம் வேடிக்கை பார்க்க நின்ற இரண்டு பேர். படத்தின் பின்னணியில் இல்லாத ஊரின் மறுபாதி. ஆல்பம் வடிவமைப்பவர் பொதுவாக எண்கோணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் துடைத்துவிடுவார். அவசர ஆர்டர் என்றால் அப்படியே விட்டுவிடுவார்.